மண்டப பார்க்கிங்: நேர் வரிசையா, சாய்வு வரிசையா?

கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கார் நிற்கும்?" என்றுதான். அந்தக் கணக்கில் நேர் வரிசை, அதாவது ஓடுபாதைக்குச் செங்குத்தாக நிறுத்துவது, ஜெயித்துவிடும். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று வைத்தால் 50 மீட்டர் வரிசையில் 20 கார் நிற்கும். அதையே 45 டிகிரி சாய்த்தால் ஒவ்வொரு காரும் மூன்றரை மீட்டர் பிடித்துக்கொள்ளும், 13, 14தான் தேறும்.

சாய்வு வரிசையிலும் நியாயம் உண்டு. நேர் வரிசைக்கு நடுவே 6 மீட்டர் ஓடுபாதை வேண்டும். சாய்வுக்கு மூன்றரை, நாலு மீட்டர் ஒருவழிப்பாதை போதும். ஒடுங்கிய மனைக்கு அதுதான் பொருந்தும். புதிதாக ஓட்டுகிறவரும் ஒரே திருப்பில் நுழைந்துவிடுவார்.

ஆனால் பந்தி முடிந்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். சாய்வில் முன்பக்கமாக நுழைந்த அத்தனை காரும் பின்னால் நகர்ந்துதான் வெளியே வர வேண்டும். பட்டுப்பாவாடை கட்டிய மூன்று வயதுக் குழந்தை டிக்கி உயரம்கூட இருக்காது. பக்கத்தில் ஒரு வேன் நின்றால் ஓட்டுகிறவருக்கு எதுவுமே தெரியாது. நேர் வரிசையில், வரும்போதே ரிவர்ஸில் நிறுத்தச் சொல்லலாம். விருந்தினர் ஒவ்வொருவராக வருவதால் செக்யூரிட்டி நின்று கைகாட்ட அவகாசம் இருக்கும். போகும்போது எல்லோரும் எதிரே பார்த்துக்கொண்டே வெளியேறுவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே மண்டபத்துக்கு நேர் வரிசையைத்தான் சொல்வேன். சூப்பர் மார்க்கெட் என்றால் வேறு பதில்: அங்கே தள்ளுவண்டி டிக்கி வரை போயாக வேண்டும், அதனால் டிக்கி ஓடுபாதைப் பக்கம் இருக்க வேண்டும்.

அப்புறம், இரண்டு வரிசைக்கு நடுவே உயர்த்திய நடைபாதை அவசியம். அது இல்லாவிட்டால் பாட்டி முதல் பேரன் வரை கார் ஓடும் பாதையில்தான் நடப்பார்கள். பின்சக்கரத்துக்கு அப்பால் காரின் உடல் அரை மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. இரு பக்கமும் அப்படி நீட்டினால் ஒரு மீட்டர் நடைபாதை காணாமலே போய்விடும். அதனால் சக்கரத்தடுப்பை உள்ளே தள்ளிப் பதிக்க வேண்டும். பைக்குகளுக்குத் தனி வாசல், தனி இடம்.

சக்கர நாற்காலியில் வருகிறவர் இறங்க 3.6 மீட்டர் அகலம் வேண்டும், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். இப்படி இரண்டு இடம் ஒதுக்கினால் அந்த 20 கார் 19 ஆகும். அவ்வளவுதான்.