ட்ரூல்ஸைக் கழற்றினேன், மைபேட்டிஸை வைத்துக்கொண்டேன்

திருப்பூரில் பில்லிங் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆபீஸ் என்றால் நானும் மாமன் மகனும்தான். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஆயத்த ஆடைக் கடைகளும் மொத்த வியாபாரிகளும். எங்கள் மென்பொருள் ஜாவாவில் ஓடுகிறது. டேட்டாவைச் சேமிக்க ஹைபர்நேட்டும் மைபேட்டிஸும், வரிக் கணக்குக்கு ட்ரூல்ஸும் வைத்திருந்தேன். மூன்றும் ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலக் குறியீடு எல்லோருக்கும் திறந்தது. மூன்றோடும் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஹைபர்நேட் 2001-ல் கேவின் கிங் தொடங்கியது. கடை, சரக்கு, வாடிக்கையாளர் மாதிரி மாஸ்டர் திரைகளுக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிளாஸை எழுதிவிட்டால் இன்சர்ட், அப்டேட் எல்லாம் அதன் பாடு. ரிப்போர்ட்டில்தான் சிக்கல். தீபாவளி வாரத்தில் ஒரு கடையிலிருந்து போன்: "ஏனுங்க, டெய்லி ரிப்போர்ட்ட அமுக்கிட்டுப் போய் டீ குடிச்சுட்டே வந்துட்டேன். இன்னும் சுத்திட்டே இருக்குதுங்க."

லாகைத் திறந்து, டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் எத்தனை க்வெரி (கேள்வி) போயிருக்கிறது என்று எண்ணினேன். 400 பில்லுக்கு 401 க்வெரி! பில் பட்டியலுக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு பில்லின் உருப்படிகளுக்கும் தனித்தனியாக ஒன்று. இரண்டையும் சேர்த்தே எடுத்துவரச் சொல்லும் 'ஜாயின் ஃபெட்ச்' போட்டதும் எல்லாம் ஒரே க்வெரியில் அடங்கிவிட்டது. ஹைபர்நேட்டின் கையேட்டிலேயே இதெல்லாம் இருக்கிறது, படிக்காதது என் தப்பு. என் டெஸ்ட் டேட்டாபேஸில் இருந்ததோ பத்தே பில். பத்து பில்லில் இந்த வியாதி வெளியே தெரியாது.

டேபிள் அமைப்பைத் தானாகச் சரிசெய்யும் அதன் 'அப்டேட்' வசதியையும் கடையில் ஓடும் டேட்டாபேஸில் போடாதீர்கள். கிளாஸில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால், டேபிளில் பழைய நெடுவரிசையை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும். பழைய தள்ளுபடித் தொகையெல்லாம் பழைய இடத்திலேயே தூங்கும், திரையில் ஒன்றும் வராது. அந்த வேலையை, நாம் எழுதிவைத்த டேபிள் மாற்றங்களை வரிசையாக ஓட்டும் ஃப்ளைவே என்ற கருவியிடம் கொடுத்துவிட்டேன்.

நடுவில், எஸ்க்யூஎல்லை ஜாவாவிலேயே எழுதவிடும் ஜூக்கையும் பார்த்தேன். அழகான வேலைப்பாடு. ஆனால் அதன் இலவசப் பதிப்பு போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் மாதிரி ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்களுக்கு மட்டும்தான். எஸ்க்யூஎல் சர்வர் என்றால் காசு. எங்கள் பெரிய வாடிக்கையாளர் இருவர் எஸ்க்யூஎல் சர்வரில் இருக்கிறார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

மைபேட்டிஸ், பழைய ஐபேட்டிஸிலிருந்து 2010-ல் பிரிந்து வந்தது. எஸ்க்யூஎல்லை நாமே எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத வேண்டும். மாமன் மகனுக்கு அந்தக் கோப்புகளைக் கண்டாலே ஆகாது. எனக்கோ, ராத்திரி பதினோரு மணிக்கு மொத்தத் தொகை உதைக்கும்போது, க்வெரியை எடுத்து நேரே டேட்டாபேஸில் ஓட்டிப் பார்க்க முடிந்தால் போதும். ஒன்றே ஒன்று: மதிப்புகளை நுழைக்க ஹேஷ் குறியைத்தான் போட வேண்டும். டாலர் குறி போட்டால் வந்த எழுத்தை அப்படியே க்வெரியில் ஒட்டிவிடும். வெளியாள் தன் கட்டளையை க்வெரிக்குள் நுழைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனுக்கு நாமே கதவைத் திறந்துவைத்த மாதிரி.

இனி ட்ரூல்ஸ். விதிகளை எக்செல் தாளில் எழுதினால் அதுவே படித்து ஓட்டும். அப்போது ஆயத்த ஆடையில் பீஸ் விலை 1,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், மேலே போனால் 12. தாளில் இரண்டே வரிசை போதும். 2022 ஜனவரி 1 முதல் எல்லாவற்றுக்கும் 12 என்று அறிவித்துவிட்டு, முந்தின நாள் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அதைத் தள்ளிவைத்தது ஞாபகம் இருக்கும். தாளைத் திருத்தி, மறுபடி பழையபடி ஆக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு ட்ரூல்ஸுக்குக் கோயிலே கட்டியிருப்பேன்.

2025 செப்டம்பர் 22-ல் கணக்கு மாறியது. 2,500 வரை 5, அதற்கு மேல் 18. ட்ரூல்ஸில் 'டேட் எஃபெக்டிவ்', 'டேட் எக்ஸ்பயர்ஸ்' என்று இரண்டு இருக்கின்றன. பழைய விதிக்கு முடிவுத் தேதியும் புது விதிக்குத் தொடக்கத் தேதியும் போட்டேன். அன்று காலை பில் எல்லாம் சரியாக விழுந்தது.

அக்டோபரில் ஒரு மொத்த வியாபாரிக்கு 40 பீஸ் திரும்பி வந்தது. ஆகஸ்டில் பீஸ் 1,400 ரூபாய்க்கு, 12 சதவீத வரியில் விற்றது. கிரெடிட் நோட்டில் பீஸுக்கு 168 ரூபாய் வரி வர வேண்டிய இடத்தில் 70 வந்தது. 40 பீஸுக்கு 3,920 ரூபாய் குறைச்சல். கண்டுபிடித்தது அவர்களுடைய ஆடிட்டர் அம்மா. "தம்பி, கிரெடிட் நோட்டுக்கு அசல் பில்லோட ரேட்டுத்தான போடோணும்? உங்க சாப்ட்வேருக்கு இது தெரியாதா?"

தெரியாதுதான். டேட் எஃபெக்டிவ் பார்ப்பது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை. பில் தேதி அதன் கண்ணில் படாது. பில் தேதியையும் ஒரு நிபந்தனையாக எக்செல்லில் நான் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன்: எங்களிடம் இருப்பது மொத்தமே இருபது விதி. எச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு), விலை வரம்பு, எந்தத் தேதியிலிருந்து, எதுவரை, எத்தனை சதவீதம் என்று ஒரு டேபிள், ஒரு மைபேட்டிஸ் க்வெரி. ஒரே மத்தியானத்தில் முடிந்தது. கடன், இன்சூரன்ஸ் மாதிரி நூற்றுக்கணக்கான விதிகள் ஒன்றையொன்று கிளப்பிவிடும் தொழிலில் இருந்தால் ட்ரூல்ஸை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி வேலைக்கான, பல விதிகளைச் சேர்த்துப் பொருத்திப் பார்க்கும் ரீட்டி முறையில் பிறந்த எஞ்சின் அது.

ஹைபர்நேட் இன்னும் மாஸ்டர் திரைகளில் இருக்கிறது. ஒரே டிரான்சாக்ஷனில் இரண்டையும் ஓட்டுகிறவர்கள், மைபேட்டிஸ் க்வெரிக்கு முன்னால் ஹைபர்நேட்டை ஃப்ளஷ் செய்து, அது கையில் வைத்திருப்பதை டேட்டாபேஸில் எழுதவைத்துவிடுங்கள். இல்லையென்றால் இப்போதுதான் சேமித்த சரக்கு ரிப்போர்ட்டில் வராமல் போகும்.