வாரத் திட்டம்: வாட்ஸ்அப் குழுவா, டைரியில் ஒட்டும் தாளா?

இந்த வாரம் வகுப்பில் என்ன நடத்தப் போகிறோம் என்ற திட்டத்தைப் பெற்றோருக்கு எதில் அனுப்பலாம்? வாட்ஸ்அப்பில் செலவில்லை, பிள்ளைகள் செய்த வேலையைப் படம்பிடித்தும் அனுப்பலாம். ஆனால் பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி திறந்தால் திட்டம் ‘குட் மார்னிங்’ குவியலுக்கு அடியில் கிடக்கும். அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றினால் பாதித் தொல்லை தீரும்.

தாளைப் பாட்டிகூட எடுத்துப் பார்ப்பார். ஒரு ஏ4 தாளில் இரண்டு பிரதி அடித்து நடுவில் வெட்டினால் நகல் செலவு பாதி. டைரியில் ஒட்டும்போது மேல் விளிம்பில் மட்டும் பசை தடவுங்கள். முழுக்கத் தடவினால் அடியில் எழுதியது மறைந்துவிடும். “கணிதம்: கழித்தல்” என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. “52–27, கடன் வாங்கிக் கழித்தல், ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துச் செய்து காட்டுங்கள்” என்று எழுதினால்தான் வீட்டில் ஏதாவது நடக்கும்.

மூன்றாம் வகுப்பு வரை தாளே மேல். மழை லீவு மாதிரி அவசரத்துக்கு வாட்ஸ்அப் போதும்.