வில்சன் நோய்க்கு ஊரில் மருத்துவம்: விடுமுறைக்குள் எது முடியும், எது முடியாது

மூளையைத் தாக்கும் பரம்பரை நோய்களில் மருந்தால் கட்டுக்குள் வைக்கக்கூடியவை மிகச் சில. வில்சன் நோய் அவற்றில் ஒன்று. அதைக் காலம் கடந்து கண்டுபிடிக்கிறார்களே என்பதுதான் வயிற்றெரிச்சல். சொந்தத்தில் ஒரு பையனுக்காக இந்த விடுமுறையில் வேலூர், பெங்களூர் என்று போனதில் தெரிந்துகொண்டவற்றை, இதே வேலையாக வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்களுக்காக எழுதுகிறோம்.

13ஆம் குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி மரபணு பழுதானால், மிஞ்சிய செம்பைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியேற்ற முடியாது. அது கல்லீரலில் படிந்து, பிறகு மூளைக்கும் போகும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். பெற்றோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் இது கூடுதலாக வருவது அதனால்தான்.

செம்பு மூளைக்குப் போனால் கையெழுத்து கெடும், பேச்சு குழறும், எச்சில் வடியும், கை நடுங்கும், நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்கும். ஊரில் இதைப் பிடிவாதம் என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். மனநோய் என்று நினைத்துக் கொடுக்கும் சில மாத்திரைகள் உடம்பு விறைப்பை இன்னும் கூட்டிவிடும். இளவயதில் திரும்பத் திரும்பக் காமாலை வந்தால் கீழாநெல்லியோடு நிற்காமல் செம்புக்கான பரிசோதனை செய்யுங்கள்.

முதலில் கண். கருவிழி ஓரத்தில் பச்சை கலந்த பழுப்பு வளையம் ஒன்று தெரியும். நம்மவர்களின் அடர்ந்த பழுப்புக் கண்ணில் அது டார்ச் வெளிச்சத்தில் சிக்காது. ‘டார்ச் அடித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்றால் ஏற்காதீர்கள். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவி உள்ள கண் மருத்துவரிடம் போங்கள். மூளை அறிகுறி வந்துவிட்டவர்களில் பெரும்பாலோருக்கு வளையம் இருக்கும்.

ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம், 10க்குக் கீழே என்றால் பலத்த சந்தேகம். உடம்பில் அழற்சி இருக்கும்போது இந்த அளவு ஏறிவிடும் என்பதால், நார்மல் என்று வந்தாலும் அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

அதிகம் சொதப்புவது 24 மணி நேரச் சிறுநீர்ச் செம்பு. காலை 6 மணிச் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதன்பின் வருவதெல்லாம், மறுநாள் காலை 6 மணியுடையது உட்பட, கேனுக்குள் போக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கணக்கு பொய். ஒரு லேபில் பழைய தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார்கள். மறுத்துவிட்டு, உலோகக் கலப்பில்லாத கேன் தரும் லேபைத் தேடுங்கள். உலோகச் சொம்பில் பிடித்து ஊற்றவும் கூடாது. பஸ்ஸில் போகும் நாளில் இது ஆகாத வேலை. லாட்ஜில் தங்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் நோய்க்கு வலுவான சான்று. எம்ஆர்ஐ எடுத்தால் ஃபிலிமோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த மருத்துவர் படத்தைத் தானே பார்க்க விரும்புவார்.

பெங்களூர் ஓசூர் சாலையில் உள்ள நரம்பியல், மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு இந்த நோயில் நீண்ட அனுபவம் உண்டு. அங்கே முப்பது ஆண்டுகளில் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 2007இல் வந்தது. வேலூர் சிஎம்சியில் நரம்பியலும் கல்லீரல் துறையும் ஒரே நிறுவனத்தில் கிடைப்பது வசதி. ஆனால் துறைகள் வேலூர் நகரத்திலும் ராணிப்பேட்டை வளாகத்திலுமாகப் பிரிந்திருக்கின்றன. அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள். மரபணுப் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். உடன்பிறந்தவர்களின் கண்ணும் ரத்தமும் சிறுநீரும் மட்டும் விமானம் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும். அறிகுறி இல்லாத தம்பி தங்கைக்கும் நோய் இருக்கலாம். அந்த நிலையில் மருந்து தொடங்கினால் மூளை தப்பும்.

மருந்து என்றால், செம்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பெனிசிலமைன் 250 மில்லிகிராம் மாத்திரை. அதைக் குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். சட்டென்று ஏற்றினால் நடுக்கமும் பேச்சும் இன்னும் மோசமாகும் அபாயம் உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, வெறும் வயிற்றில் தர வேண்டும். கூடவே பைரிடாக்ஸின் (வைட்டமின் பி6). சிறுநீரில் புரதத்தையும், ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கையையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். உணவிலிருந்து செம்பு உடம்பில் சேராமல் தடுக்கும் துத்தநாகம் (சிங்க்) எழுதினால் அதைப் பெனிசிலமைனோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று முடக்கும். துத்தநாகத்தில் இன்னொரு குழப்பம்: 220 மில்லிகிராம் சிங்க் சல்பேட்டில் உள்ள துத்தநாகம் 50 மில்லிகிராம்தான். மருத்துவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று மருந்துக்கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீரை உடனே நிறுத்துங்கள். ஈரல், சிப்பி, முந்திரி, காளான், சாக்லேட் வேண்டாம். ‘இப்போது நன்றாக இருக்கிறானே’ என்று மருந்தை நிறுத்துவதுதான் உயிருக்கே ஆபத்து. சில மாதங்களிலேயே கல்லீரல் செயலிழந்துபோகலாம். அதனால் நீங்கள் திரும்புமுன் ஒரு மாத மருந்தைக் கூடுதலாகவே வாங்கி ஊரில் இருப்பவர்களிடம் கொடுத்து வையுங்கள். எல்லா மருந்துக்கடையிலும் இது இருக்காது, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும்.