கார் சாவி போட ஆள் வீட்டுக்கு வந்தால் காபி போட உள்ளே போகாதீர்கள்

போன ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் காவிரிக்கு என் கார் சாவியையும் சேர்த்துப் படைத்துவிட்டேன். மஞ்சள் கயிறு, கருகமணி, காதோலை வைத்திருந்த பையின் வெளி அறையில்தான் சாவியும் இருந்தது. விளக்கை விடக் குனிந்தபோது நழுவி விழுந்தது. ஆறு நிறையத் தண்ணீர், பின்னால் ஆயிரம் பேர் நெருக்கடி. தேடுவதாவது! பையன் உறையூரிலிருந்து பைக்கில் வந்து இரண்டாவது சாவியைக் கொடுத்தான், வீடு போய்ச் சேர்ந்தோம். அதோடு போயிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

எங்களுடையது ஏழு வயதான சின்ன பெட்ரோல் கார். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்கிற வகை இல்லை, சாவியைப் போட்டுத் திருப்புகிற வகை. இருந்த இரண்டாவது சாவியும் பார்க்கச் சகிக்காது. மேல் கவர் விரிசல் விட்டு, ரப்பர் பட்டன் கிழிந்து, வளையம் மாட்டுகிற இடம் உடைந்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தோம். சரி, இதுவும் போவதற்குள் இன்னொன்று வாங்கிவிடலாம் என்று ஷோரூமுக்குப் போன் போட்டேன். 9,400 ரூபாய், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஆர்சி நகல், ஆதார், சாவி எண் பொறித்த சின்னத் தகடு, தொலைந்ததற்குக் காவல் நிலைய ரசீது, கடைசியில் வண்டியையும் இருக்கிற சாவியையும் நேரில் கொண்டு வர வேண்டும். அந்தப் பெண் இதையெல்லாம் மளிகைப் பட்டியல் மாதிரி ஒப்பித்தாள். ஒரு சாவிக்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சல்.

செல்போனில் தேடினேன். வீட்டுக்கே வந்து கார் சாவி போட்டுத் தருவோம் என்று நாலைந்து எண்கள். நிறைய நட்சத்திரம் இருந்த ஒன்றுக்கு அடித்தேன். நல்ல மரியாதையான குரல். "சிப் கீ தானே மேடம், பண்ணிடலாம். ரிமோட்டோட சேர்த்து 2,800. சாவிய ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க, அதுக்கேத்த பிளாங்க், அதான் பல் வெட்டாத சாவி, கொண்டு வரேன்." அனுப்பினேன். வீட்டு லொகேஷனையும் அனுப்பினேன். இந்த இரண்டு வரியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். பைக்கின் பின்னால் ஒரு பெட்டி, அதில் சாவி வெட்டுகிற சின்ன மெஷின். திண்ணையில் பிளக் பாயின்ட் கேட்டு வாங்கி, பழைய சாவியைப் பார்த்துப் புதியதை வெட்டினார். சத்தம் போட்டு வேலை நடந்தால் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது பாருங்கள். அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் போர்ட்டில் ஒரு ஒயரைச் செருகி, கையில் இருந்த டேப்லெட்டில் என்னவோ ஓடவிட்டார். "உங்க வண்டியில சிப் டைப் வேற மேடம், 4,200 ஆகும்." வெட்டி முடித்த பிறகு சொல்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "பழைய சாவி கவரையும் மாத்திக் குடுத்துடறேன், ஃப்ரீ" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"ப்ரோக்ராம் ஏற இருபது நிமிஷம் ஆகும், நீங்க ஏன் வெயில்ல நிக்கறீங்க?"

வெயிலில் வேலை செய்கிற பிள்ளையாயிற்றே என்று நான் காபி போட உள்ளே போனேன். டிகாக்‌ஷன் இறங்க வேண்டும், பால் காய வேண்டும். திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்தது. இரண்டு சாவி, இரண்டுக்கும் பளபளவென்று புதுக் கவர். இரண்டு ரிமோட்டும் கதவைப் பூட்டித் திறந்தன, இரண்டு சாவியும் வண்டியை ஸ்டார்ட் செய்தன. நானும் லேசுப்பட்டவள் இல்லை. பழைய சாவியின் சிப் பக்கத்தில் இருந்தால் புதுச் சாவியும் வேலை செய்வது போலக் காட்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் பழையதைப் பையனிடம் கொடுத்துத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டு, புதியதை மட்டும் போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆனது. அந்த ஆள் சிரித்தபடி, "நல்லா செக் பண்ணிக்கோங்க மேடம்" என்றார். "தொலைஞ்சு போன சாவியையும் அழிச்சிட்டேன், யார் எடுத்தாலும் இனிமே வண்டி எடுக்காது." காபியைக் குடித்துவிட்டு, ஜிபேயில் வேறு யாரோ பெயரில் பணம் வாங்கிக்கொண்டு போனார். பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, டிசம்பரில், ஒரு கல்யாணத்துக்குச் சென்னை கிளம்பினோம். சமயபுரம் டோல் தாண்டி, பெரம்பலூருக்குப் பக்கத்தில் டீக்கு நிறுத்தினோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் இஞ்சின் பிடித்து இரண்டே நொடியில் அணைந்தது. மறுபடி, மறுபடி. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு படபடவென்று மின்னியது. நல்லவேளை இன்னொரு சாவியையும் எடுத்து வந்திருக்கிறோமே என்று அதைப் போட்டேன். அதே கதை. கட்டுச்சோறும் பட்டுப்புடவையுமாக இரண்டு மணி நேரம் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

பெரம்பலூரிலிருந்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி வந்தான். சாவியைக் கையில் வாங்கியதுமே நாணயத்தை இடுக்கில் விட்டுக் கவரைப் பிளந்தான். "அக்கா, இதுல சிப்பே இல்லக்கா." இரண்டாவதையும் பிளந்தான். அதிலும் இல்லை. சிப் உட்காரும் குழி காலியாக இருந்தது. ரிமோட் சர்க்யூட்டும் பேட்டரியும்தான் இருந்தன. "அப்படின்னா இவ்வளவு நாள் எப்படி ஓடுச்சு?" என்றேன். அவன் பதில் சொல்லாமல் ஸ்டியரிங் தண்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சுற்றிய ஒரு துண்டு மடியில் விழுந்தது. பிரித்தால், பாதிப் புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒரு சிப். என் பழைய சாவியில் இருந்தது.

அந்தத் தம்பி பொறுமையாக விளக்கினான். இந்த வகைச் சாவியில் இரண்டு தனித்தனிச் சமாச்சாரம் இருக்கிறது. ரிமோட் கதவுக்கு மட்டும், அதற்குத்தான் பேட்டரி. இஞ்சினுக்கு அனுமதி கொடுப்பது சிப். அதற்குப் பேட்டரியே கிடையாது. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் வளையம் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது அந்த வளையம்தான் சிப்புக்கு மின்சாரம் கொடுத்து எண்ணைக் கேட்கிறது. எண் சரியாக வந்தால் இஞ்சின் ஓடும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். (ரிமோட் பேட்டரி செத்தாலும் வண்டி ஓடுவது இதனால்தான். ஏழு வருஷம் ஓட்டியும் எனக்கு இது தெரியாது.)

நம்ம ஆள் என்ன செய்தார்? புதிய சிப் எதையும் வண்டிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கவர் மாற்றுகிற சாக்கில் என் பழைய சாவியிலிருந்து சிப்பை எடுத்து, அந்த வளையத்துக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டார். சிப் நிரந்தரமாக வளையத்தின் பக்கத்திலேயே இருப்பதால், பல் சரியாக வெட்டிய எந்த இரும்புத் துண்டைத் திருப்பினாலும் வண்டி கிளம்பும். பையனைத் தெருக்கோடிக்கு அனுப்பி நான் செய்த பரிசோதனை இருக்கிறதே, அதற்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? நான்கு மாத வெயிலிலும் குலுக்கலிலும் டேப் இளகி சிப் விலகியதால்தான் குட்டு உடைந்தது. நன்றாக ஒட்டியிருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது.

பெரம்பலூர்த் தம்பி தன்னிடம் இருந்த ஸ்கேனரில் வண்டியில் பதிவான சாவிகளின் எண்ணிக்கையைப் பார்த்தான். இரண்டு. அதாவது ஆற்றில் போனது ஒன்று, இந்தப் பழைய சிப் ஒன்று. எதையும் சேர்க்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. டேப்லெட்டில் ஓடியது வெறும் சீன்.

4,200 ரூபாய் போனதை விட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. முன்னே ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். சாவியின் இரண்டு பக்கப் படமும் அந்த ஆளிடம் இருக்கிறது. படத்தைப் பார்த்தே பல்லை வெட்டிவிடலாம், அவரோ சாவியை நேரிலேயே பார்த்து வெட்டியவர். வீட்டு லொகேஷனும் இருக்கிறது. வண்டியின் திருட்டுத் தடுப்பை அவரே கையால் முடக்கிவிட்டும் போயிருக்கிறார். நான்கு மாதம் எங்கள் வாசலில் யார் வேண்டுமானாலும் ஒரு டூப்ளிகேட் போட்டு எடுத்துப் போகக்கூடிய வண்டி நின்றிருக்கிறது. கார் திருடு போனால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பதே இரண்டு ஒரிஜினல் சாவிகளையும்தான். சிப் இல்லாத இரண்டு பொம்மைகளை நான் மேசையில் வைத்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

தம்பி சிப்பை ஒரு சாவிக்குள் திரும்ப வைத்தான். அப்புறம் நான் சப்பாத்தி சுற்றிக் கொண்டு வந்திருந்த அலுமினிய ஃபாயிலில் ஒரு துண்டு கேட்டான். சாவியின் தலையை மட்டும் அதில் இறுக்கமாகச் சுற்றி, இரும்புப் பகுதியை வெளியே விட்டுத் திருப்பினான். பிடித்து அணைந்தது. ஃபாயிலைப் பிரித்துத் திருப்பினான். ஓடியது. "இப்பதான்க்கா சரி. ஃபாயில் சுத்தியும் வண்டி ஓடினா சிப் வேற எங்கயோ இருக்குன்னு அர்த்தம்." 600 ரூபாய் வாங்கினான், அதற்குக் கையால் எழுதின பில்லும் கொடுத்தான்.

இந்தப் பதிவில் வேறெதையும் படிக்காவிட்டாலும் அந்த ஃபாயில் விஷயத்தைப் படித்துக்கொள்ளுங்கள். திருப்புகிற வகைச் சிப் சாவி வெளியில் போட்டவர்கள் இன்றைக்கே வீட்டில் செய்து பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

ஊர் திரும்பியதும் அந்த எண்ணுக்கு அடித்தேன். முதல் தடவை எடுத்தார். "சாவி கேட்டீங்க, சாவி குடுத்தேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சா இல்லையா?" அடுத்த தடவையிலிருந்து என் எண் பிளாக். மேப்பில் கடை என்று காட்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். கரும்பு ஜூஸ் கடை. அந்தக் கடைக்காரருக்கு ஒன்றுமே தெரியாது, ஏற்கெனவே இரண்டு பேர் இதே மாதிரி வந்து கேட்டார்களாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். கடைப் பெயர் என்ன, பில் இருக்கிறதா என்றார்கள். என்னிடம் இருந்தது ஜிபே ஸ்கிரீன்ஷாட், அதிலும் வேறு ஆள் பெயர். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். பணம் வரவில்லை.

வீட்டில் இன்னொரு கூத்து. நடந்ததை மாமாவிடம் (என் மாமனார், 81 வயது) சொன்னபோது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாம்மா, அவன் ஸ்டியரிங்குக்குக் கீழ ஏதோ ஸ்க்ரூ கழட்டிட்டு இருந்தான். உனக்குத் தெரிஞ்சுதான் செய்றான்னு நெனச்சேன்" என்றார். திண்ணையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்திருக்கிறார்!

கடைசியில் ஷோரூமுக்கே போனேன். சாவி எண் தகடு, வண்டி வாங்கியபோது கொடுத்த கையேட்டின் உறைக்குள்ளேயே இருந்தது. (அந்த எண்ணை வைத்தே சாவி வெட்டலாம் என்பதால் அதையும் யாருக்கும் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.) 17 நாள், 9,400 ரூபாய். ப்ரோக்ராம் செய்யும்போது கூடவே நின்றேன். கையில் இருக்கிற எல்லாச் சாவியையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும், அப்போது வராத சாவி தானாக நீங்கிவிடும் என்றார் மெக்கானிக். ஆற்றில் போனது அன்றைக்குத்தான் உண்மையில் செத்தது. அங்கேயும் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஒரு சாவிக்கு மூன்று வாரம் அலையவிட்டால் ஜனங்கள் தெருவில் இருக்கிறவரிடம்தான் போவார்கள். ஒழுங்காகச் சிப்பை நகலெடுத்து, கண் முன்னால் கவரைத் திறந்து காட்டி, பில்லும் கொடுக்கிற சாவிக்காரர்கள் திருச்சியிலேயே இருக்கிறார்களாம், பெரம்பலூர்த் தம்பி ஒருவரைச் சொன்னான். எனக்குத்தான் அதற்குள் துணிச்சல் போய்விட்டது.

ஷோரூமில் காப்பீட்டுத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் இன்னொன்றும் சொன்னாள். எங்கள் பாலிசியில் சாவி தொலைந்தால் ஈடு தரும் கூடுதல் காப்பு ஏற்கெனவே இருந்திருக்கிறது. வருஷா வருஷம் பிரீமியத்தோடு அதற்கும் கட்டியிருக்கிறேன். தொலைந்த சில நாட்களுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். நான் போய்ச் சொன்னது ஜனவரியில்.

நேற்று அதே தேடலைப் போட்டுப் பார்த்தேன். அந்த எண் அப்படியே இருக்கிறது. நட்சத்திரம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.