அவதூறு வழக்கில் ஆட்சேபனை: மறுமொழிக்கு முன்னரா, மறுமொழிக்குள்ளேயா?

முகநூல் பதிவொன்றுக்காக மாவட்ட நீதிமன்ற அழைப்பாணை வீட்டுக்கு வந்துவிட்டால், வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இதைத் தொடக்கத்திலேயே தூக்கியெறிய வைக்கலாமா?" வைக்கலாம். ஆனால் எந்த ஆட்சேபனையை எந்தக் கட்டத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. பிழையான நேரத்தில் எடுத்த சரியான ஆட்சேபனை எதிராளிக்குத்தான் கேடு.

அடிப்படை ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த குற்றவியல் அவதூறு 2002 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆகவே "பொலிசில் போட்டு உள்ளே தள்ளுவேன்" என்பது அவதூறைப் பொறுத்தவரை வெறும் மிரட்டல். இன்று அவதூறு என்பது ரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கும் குடியியல் வழக்கு. அதன் நடைமுறையைக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை தீர்மானிக்கிறது.

எதிராளிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மறுமொழி (வழக்குக்கு எதிராளி எழுத்தில் தரும் பதில்) போடாமலே பிரேரணை மூலம், அதாவது நீதிமன்றத்துக்கு எழுத்தில் கோரிக்கை வைத்து, பூர்வாங்க ஆட்சேபனை எடுத்து, பிரிவு 46 இன் கீழ் முறைப்பாட்டை (வழக்காளி வழக்கைத் தொடங்கத் தாக்கல் செய்த மனுவை) நிராகரிக்கும்படி கேட்பது. மற்றது, முழு மறுமொழியையும் போட்டு, ஆட்சேபனைகளை அதற்குள்ளேயே எழுதி, பின்னர் அவற்றைச் சட்ட எழுவினாக்களாக்கி (நீதிமன்றம் விடை சொல்ல வேண்டிய சட்டக் கேள்விகளாக்கி), பிரிவு 147 இன் கீழ் முதலில் தீர்க்கும்படி கேட்பது.

முதல் வழியின் கவர்ச்சி புரிகிறது. வென்றால் வழக்கு அங்கேயே முடியும், சாட்சியும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. ஆனால் அந்த வெற்றி நிலைக்குமா என்பது நாட்காட்டியைப் பொறுத்தது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் பிரிவு 9 இன்படி அவதூறுக்கான வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முறைப்பாடு குறைபாட்டால் நிராகரிக்கப்பட்டால், வழக்காளி குறையைத் திருத்திப் புதிதாகத் தாக்கல் செய்ய வாய்ப்புண்டு. பதிவு வெளியாகி எட்டு மாதத்தில் ஆட்சேபனை எடுத்து வென்ற எதிராளி, உண்மையில் வழக்காளியின் சட்டத்தரணிக்கு எங்கே பிழை என்று இலவசமாகக் காட்டிக் கொடுத்தவராகிறார். இரண்டு ஆண்டு கடந்த பின் அதே குறை வெளிப்பட்டால் மறு தாக்கலுக்கு வழி இல்லை. திருத்தம் கேட்டாலும், காலாவதியான புது வழக்கெழுகாரணத்தை (வழக்குப் போட உரிமை தரும் காரணத்தை) திருத்தத்தின் பெயரில் உள்ளே கொண்டுவர நீதிமன்றம் இலகுவில் விடாது.

உதாரணத்துக்கு, கமக்காரர் அமைப்பொன்றின் தலைவரைப் பற்றி ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வாய்க்கால் திருத்த வந்த சீமெந்து எந்த வீட்டு மதிலில் நிற்குது எண்டு தலைவரிட்டயே கேளுங்கோ." இதில் கள்ளன் என்ற சொல் இல்லை. வாசிப்பவர் எல்லாருக்கும் பொருள் விளங்கும், ஆனால் அந்த உட்பொருளை வழக்காளி முறைப்பாட்டில் தனியாக எழுத வேண்டும்: எந்தச் சீமெந்து, யார் பொறுப்பில் இருந்தது, ஊரவர் இதை வாசித்து என்ன விளங்கிக்கொள்வார்கள் என்று. எழுதப்பட்ட சொற்களை அப்படியே, எழுத்துப் பிழை உட்பட, தர வேண்டும். "எதிராளி என்னைக் களவெடுத்தவர் எனும் கருத்துப்பட எழுதினார்" என்று சுருக்கி எழுதிய முறைப்பாடு பலவீனமானது. இந்தப் பலவீனம் கண்ணில் பட்டதும் பிரேரணை போட ஓடக்கூடாது. மறுமொழியில் "வழக்கெழுகாரணம் எதுவும் வெளிப்படவில்லை" என்று ஒரு பந்தி எழுதினால் போதும். விவரித்து எழுதத் தேவையில்லை; விவாதத்தை எழுவினாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நியாயாதிக்கம், அதாவது அந்த வழக்கை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம், மட்டும் இதற்கு நேர்மாறு. அதை ஒத்திவைத்தால் போய்விடும். நீதித்துறைச் சட்டத்தின் பிரிவு 39 இன்படி, ஆட்சேபிக்காமல் மறுமொழி போட்டவர் பிறகு இடம் பற்றிய நியாயாதிக்கத்தைக் கேள்வி கேட்க முடியாது. அதைவிட நுணுக்கமானது சட்டக்கோவையின் பிரிவு 76: நியாயாதிக்கக் கூற்றை வேறாக, தெளிவாக மறுக்க வேண்டும். "முறைப்பாட்டின் 2 முதல் 14 வரையான பந்திகளை மறுக்கிறேன்" என்ற மொத்த மறுப்புக்குள் அது அடங்காது. பழைய மறுமொழியைப் பிரதியெடுத்துப் பெயரை மாற்றும் அவசரத்தில் அடிக்கடி விடுபடுவது இந்த ஒரு பந்திதான். அதை மறுமொழியின் முதல் பந்தியாகவே வையுங்கள்.

கிளிநொச்சியில் வசிப்பவர் மீது கொழும்பில் வழக்குப் போடும்போது இது உயிர்நாடி. சட்டக்கோவையின் பிரிவு 9 இன்படி எதிராளி வசிக்கும் இடத்திலோ வழக்கெழுகாரணம் எழுந்த இடத்திலோ தாக்கல் செய்யலாம். இணையப் பதிவைக் கொழும்பில் ஒருவர் வாசித்தார், ஆகவே அங்கேயும் காரணம் எழுந்தது என்பார் வழக்காளி. அப்படியானால் யார் வாசித்தார், எங்கே வாசித்தார்? அந்தக் கூற்றே முறைப்பாட்டில் இல்லையென்றால் மறுமொழிக்கு முந்திய ஆட்சேபனைக்கும் பலம் உண்டு. கூற்று இருந்தால், அது உண்மையா என்பதற்குச் சாட்சியம் வேண்டும், நீதிபதி அதை விளக்கத்துக்கு (சாட்சிகளோடு நடக்கும் வழக்கு விசாரணைக்கு) விட்டுவிடுவார். அப்போது பிரேரணைக்காக 300 கிலோமீற்றருக்கு மேல் போய் வந்த தவணைகளெல்லாம் வீண். முன்கூட்டிய பிரேரணைக்கு நான் இடம் கொடுப்பது இந்தவொரு சூழலில்தான்: குறை முறைப்பாட்டின் முகத்திலேயே தெரிய வேண்டும், சாட்சியம் எதுவும் தேவைப்படக்கூடாது.

முதல் வழியில் இன்னொரு குழி இருக்கிறது. மறுமொழிக்குக் குறித்த தவணையில் கையில் மறுமொழி இல்லாமல் ஆட்சேபனையோடு மட்டும் நின்று, அது தள்ளுபடியானால், பிரிவு 84 இன் கீழ் வழக்காளி பக்கத்தை மட்டும் கேட்கும் ஒருதலைப்பட்ச விளக்கத்துக்கு வழக்கு விழலாம். பிறகு ஒருதலைப்பட்சத் தீர்வை (தீர்ப்பின்படி எழுதப்படும் நீதிமன்ற ஆணை) சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்க வேண்டும் (பிரிவு 86). அழைப்பாணை பதிவுத் தபாலில் வரும், சரிவராவிட்டால் பிஸ்கால் எனும் நீதிமன்ற அலுவலர் மூலமோ கிராம அலுவலர் மூலமோ வரும். மீள்குடியேறி விலாசம் மாறியவர்களுக்கு "எனக்குக் கிடைக்கவில்லை" என்பது நியாயமான காரணமாக இருக்கலாம். பிரேரணை போட்டு நின்றவர் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே எந்த வழியில் போனாலும் முதல் தவணையிலேயே புரொக்சி (சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரம்) போட்டு, மறுமொழியை எழுதித் தயாராகக் கையில் வைத்திருங்கள்.

வழக்காளி வெளிநாட்டில் இருந்தால் மூன்றாவது ஆயுதம் ஒன்று கிடைக்கிறது, வன்னியில் பலர் அதைப் பயன்படுத்துவதேயில்லை. கனடாவிலோ பிரான்சிலோ வசித்துக்கொண்டு, ஊரிலுள்ள உறவினருக்கு அற்றோர்ணித் தத்துவம் கொடுத்து வழக்குப் போடுபவரிடம் செலவுக்கான பிணை கேட்கப் பிரிவு 416 இடம் தருகிறது. அது நீதிமன்றத்தின் தற்றுணிபு, உரிமையல்ல. வழக்காளிக்கு இலங்கையில் காணி, சொத்து இல்லை என்பதைச் சத்தியக் கடதாசியில் காட்டினால் கோரிக்கை வலுப்படும். உத்தரவிட்ட பிணையைக் கட்டாவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம். இதை ஆட்சேபனையோடு கலக்காமல் தனி விண்ணப்பமாகப் போடுவது நல்லது.

முறைப்பாட்டையோ மறுமொழியையோ திருத்த நினைப்பவர் முன்விளக்கத் தவணைக்கு முன் திருத்திவிட வேண்டும். 2017 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த நாள் வந்துவிட்டால் பிரிவு 93 இன் கடுமையான அளவுகோல்தான்: திருத்தாவிட்டால் பாரதூரமான, ஈடுசெய்ய முடியாத அநீதி நேரும் என்றும், தான் தாமதிக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். "உண்மையும் பொதுநலனும்" என்ற எதிர்வாதத்தை முதல் மறுமொழியில் எழுதாமல் விட்டவருக்கு இது பெரிய அடி. உண்மை என்று மட்டும் எழுதிப் பொதுநலனை விட்டாலும் அந்த எதிர்வாதம் பாதிதான்.

திரைப்பிடிப்புப் படங்களிலும் (ஸ்கிரீன்ஷொட்) இரு கட்சி இருக்கிறது. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் கணினிச் சாட்சியத்துக்கு விளக்கத்துக்குக் குறைந்தது 45 நாட்கள் முன்னரே அறிவித்தல் கேட்கிறது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் வந்தபின் அது பொருந்தாது என்பது எதிர்ப்பக்கத்தின் வாதம். வாதத்தில் வெல்வதைவிட அறிவித்தலைக் கொடுத்துவிடுவது மலிவு. படத்தில் பக்கத்தின் முழு முகவரியும், திகதியும், நேரமும் தெரிய வேண்டும். கைப்பேசியில் பதிவை மட்டும் வெட்டியெடுத்த படத்துக்கு எதிராக "பிறகு திருத்தப்பட்டது" என்ற ஆட்சேபனை நிச்சயம் வரும்.

கடைசியாக, ஆட்சேபனை தோற்றால் உடனே மேலே போவதா, பொறுப்பதா? வழக்கு முடியுமுன் இடையில் தரப்படும் இடைக்காலக் கட்டளைக்கு எதிரான மேன்முறையீட்டு அனுமதியை 14 நாட்களுக்குள் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். ஞாயிறும் பொது விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராது. அனுமதி கேட்டதால் கீழே வழக்கு தானாக நிற்காது. நியாயாதிக்கக் கட்டளை என்றால் போங்கள், பிழையான நீதிமன்றத்தில் முழு விளக்கத்தையும் நடத்தி முடித்த பின் அந்தக் கேள்விக்குப் பயன் குறைவு. சட்ட எழுவினாவை முதலில் எடுக்க மறுத்தார்கள் என்பதற்காகப் போக வேண்டாம். அந்த எழுவினா வழக்கேட்டில் அப்படியே இருக்கிறது, இறுதித் தீர்ப்பில் நீதிபதி அதற்கு விடை எழுதியே ஆக வேண்டும், அப்போதும் அதன்மேல் மேன்முறையீடு செய்யலாம்.