மனையா, வாடகை வீடா, ரப்பர்த் தோட்டமா: குமரி மாவட்டத்தில் முதல் முதலீடு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் வசித்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைப் போல இரு மடங்காக 1,111 பேர் வசித்தனர். வடக்கே மலையும் காடும், தெற்கே கடலும் எல்லையாக அமைந்த இந்தச் சிறிய மாவட்டத்தில் நிலம் சென்ட் கணக்கில்தான் கைமாறுகிறது. ‘வஸ்து (நிலம்) வாங்கிப் போட்டால் ஒருபோதும் நட்டமில்லை’ என்ற நம்பிக்கை இங்கு ஆழமாக வேரூன்றியதற்கு இந்த நெருக்கடியே காரணம். மாவட்டம் முழுமைக்கும் அந்த நம்பிக்கை பொருந்தலாம். ஆனால் முதன்முறையாக வாங்குபவர் கையில் வருவது ஒரு குறிப்பிட்ட சர்வே எண், ஒரு குறிப்பிட்ட வழி, ஒரு குறிப்பிட்ட ஆவணத் தொடர் ஆகியவைதான். எனவே மனை, வாடகை வீடு, தோட்டம் ஆகிய மூன்றையும் விலை உயர்வை மட்டும் வைத்து ஒப்பிடாமல், காத்திருக்கும் ஆண்டுகளில் அவை எதைத் தருகின்றன, எதைக் கேட்கின்றன என்பதை வைத்து ஒப்பிடுவதே சரி என்று கருதுகிறேன்.

மூன்றுக்கும் பொதுவான நுழைவுச் செலவை முதலில் கணக்கிட வேண்டும். தமிழ்நாட்டில் கிரையப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என மொத்தம் 9 விழுக்காடு செலவாகிறது. 10 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும். 25 இலட்சத்துக்கு 5 சென்ட் மனை வாங்குவதாக வைத்துக்கொண்டால், பதிவு முடிந்த அன்றே செலவு 27.25 இலட்சம் ஆகிவிடுகிறது. அதே தொகை வங்கியில் ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டுவட்டிக்குக் கிடந்தால் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 33.4 இலட்சமாக வளரும். ஆகவே அந்த மனை மூன்று ஆண்டுகளில் 30 இலட்சத்துக்கு விலைபோனால், ஊரார் அதை இலாபம் என்று சொன்னாலும், வாங்கியவருக்கு அது இழப்பே.

மனையின் நற்குணம், பராமரிப்பு குறைவு என்பது மட்டுமே. அது மாத வருமானம் எதையும் தருவதில்லை. அதன் மதிப்பு முழுவதும் அங்கீகாரத்தையும் வழியையும் சார்ந்தது. பதிவுச் சட்டத்தில் 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்த 22-ஏ பிரிவின்படி, அங்கீகாரமற்ற மனைப்பிரிவில் உள்ள மனையைப் பதிய இயலாது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு எனில் கட்டட மனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தென்னை நட்டு, மண் நிரவி, ‘தோட்டம்’ என்று காட்டப்படும் பழைய வயல்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். என் தாய்மாமன் அப்படி ஒரு நிலத்தில் 8 சென்ட் வாங்கினார். வருவாய்ப் பதிவேட்டில் அது நஞ்சை என்று இருப்பதை வீட்டு வரைபட அனுமதிக்குப் போனபோதுதான் அறிந்தார். நிலத்தை நேரில் பார்த்தவர், பட்டாவில் நஞ்சையா புஞ்சையா என்ற ஒற்றைச் சொல்லைப் பார்க்கத் தவறிவிட்டார். அந்தப் பணம் இன்றும் அங்கேயே முடங்கிக் கிடக்கிறது. வழியும் அவ்வாறே: தரகர் காட்டும் 12 அடிப் பாதை கிரைய ஆவணத்தின் சொத்து விவரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணத்தில் மட்டும் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்து விலை பெரிதும் மாறும்.

வாடகை வீடு மாதந்தோறும் வருமானம் தருகிறது என்றாலும், அந்த வருமானம் சிறியது. நாகர்கோவில் ஓரத்தில் 25 இலட்சத்துக்குப் பழைய சிறு வீடு ஒன்று அமைந்து, மாதம் 7,000 ரூபாய் வாடகை வருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 84,000 ரூபாய், அதாவது 3.36 விழுக்காடு. சொத்து வரியும் பழுதுபார்ப்பும் காலியாகக் கிடக்கும் மாதமும் போனால் இன்னும் குறையும். இதைக் கடனில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு ஒவ்வொரு இலட்சத்துக்கும் மாதத் தவணை சுமார் 868 ரூபாய். 20 இலட்சம் கடன் என்றால் தவணை 17,360 ரூபாய். வாடகை அதில் பாதிக்கும் குறைவாகவே ஈடுசெய்யும். சொந்தப் பணத்தில் வாங்குபவருக்கோ, வாடகையும் நிலத்தின் மதிப்பும் சேர்ந்து மனையைவிட மேலான இடத்தைத் தருகின்றன. ஒத்திக்கு விடும் வழக்கம் (மாத வாடகைக்குப் பதிலாக ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு குடிவைப்பது) இங்கு பரவலாக இருந்தாலும், ஒத்தித் தொகை திருப்பித் தரவேண்டிய கடன் என்பதை மறந்து அதைக் கொண்டு அடுத்த மனைக்கு முன்பணம் கொடுப்பவர்கள், குடியிருப்பவர் கணக்கை முடிக்கக் கேட்கும் நாளில் திணறுகிறார்கள்.

குலசேகரம், அருமனை, திற்பரப்பு வட்டாரத்துத் தோட்டங்களே மூன்றிலும் அதிகம் ஈர்ப்பவை; அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவையும் அவையே. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இங்கே ஒரு தடை உள்ளது: வெளிநாடு வாழ் இந்தியர் மனையும் வீடும் வாங்கலாம், ஆனால் வேளாண் நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டவிதிகள் அனுமதிப்பதில்லை, வாரிசு உரிமையாகப் பெறலாம். அடுத்து, ரப்பர் நட்டு ஆறேழு ஆண்டுகள் கழித்தே பால்வெட்டுத் தொடங்கும். அதன்பின் 20 முதல் 25 ஆண்டுகள் வரை பால் கிடைக்கும். எனவே ஒரே பரப்பும் ஒரே சாலையும் கொண்ட இரண்டு தோட்டங்களின் உண்மை விலையை மரத்தின் வயதே பிரிக்கிறது. மழைக்காலத்தில் வெட்டு நிற்கும், பால்வெட்டுத் தொழிலாளி கிடைக்காத வாரங்கள் வரும், ரப்பர் ஷீட்டின் விலை இறங்கும். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயல் பல ஆண்டு உழைப்பை ஒரே நாளில் வேரோடு சாய்த்ததை இந்த வட்டாரம் மறந்திருக்க முடியாது. மலையோரக் கிராமங்களில் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துள்ள நிலமா என்பதையும் கேட்டறிய வேண்டும். அத்தகைய நிலத்தை மாவட்டக் குழுவின் முன் அனுமதியின்றி விற்கவோ அதிலுள்ள மரத்தை வெட்டவோ முடியாது.

ஆவணங்களை ஒப்பிட்டால், அங்கீகாரம் பெற்ற புதிய மனைப்பிரிவே எளிது. பழைய வீடும் தோட்டமும் கடினம். 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்ததால், முன் ஆதாரங்கள் மலையாளத்தில் இருக்கும்; பழைய சர்வே எண்ணுக்கும் ரீசர்வே (மறு நில அளவை) எண்ணுக்கும் தனித்தனியே வில்லங்கம் பார்க்க வேண்டியிருக்கும். மகள்களின் பங்கு இன்னொரு சிக்கல். திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறித்தவர்களுக்கு 1951 ஏப்ரல் 1 முதல், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தரும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. கிறித்தவக் குடும்பச் சொத்தை அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்றால், சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்பது வாங்குபவரின் கடமை. இந்துக் குடும்பங்களிலும் மகள்களுக்குச் சம பங்கு உண்டு. பதிவாகிவிட்டது என்பதாலேயே உரிமை உறுதியாகிவிடாது. விற்பவரின் உரிமையை ஆராய்ந்து முடிவுசெய்யும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

விற்கும்போது, 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த மனைக்கும் வீட்டுக்கும் கிடைக்கும் இலாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி உண்டு. ஊரகப் பகுதி வேளாண் நிலத்துக்கு அந்த வரி இல்லை என்பதால் தோட்டம் இங்கே முந்துகிறது. எனினும் மாநகராட்சி, நகராட்சி போன்ற நகர்ப்புற அமைப்புகளின் மக்கள்தொகையையும் அவற்றின் எல்லையிலிருந்து உள்ள தூரத்தையும் வைத்தே ஊரகம் எது என்று வருமான வரிச் சட்டம் வரையறுக்கிறது. பேரூராட்சிகளும் நெருங்கிக் கிடக்கும் இம்மாவட்டத்தில் இதைப் பட்டயக் கணக்காளரிடம் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.

என் தேர்வு, கடனின்றி வாங்கக்கூடிய சிறிய வாடகை வீடு. ஓய்வுபெற்றவருக்கும் உள்ளூரிலேயே வேலை செய்பவருக்கும் அதுவே பொருந்தும். பத்து ஆண்டுகளில் தாமே வீடு கட்டப்போகிறவருக்கும், வெளிநாட்டில் வசித்து, ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவருக்கும் அங்கீகாரம் பெற்ற மனை பொருந்தும். தோட்டத்தை இரண்டாவது முதலீடாக வைத்துக்கொள்வதே நல்லது. அதையே முதலில் வாங்கியாக வேண்டும் என்பவர், பட்டையைப் பார்த்து இன்னும் எத்தனை ஆண்டுகள் வெட்டலாம் என்று சொல்லத் தெரிந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அன்றைய கூலியைக் கொடுத்துத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.