ரத்தம் அளக்கும் டிரேப்: மலையடிவார லேபர் ரூமுக்கு இது தேவையா?

பிரசவமான தாய்க்கு ரத்தம் போனால், மலைக்கு மேலே கேரளத்தின் குமுளிப் பக்கம் வேலை பார்க்கும் நர்ஸ் ‘பிளீடிங் குறச்சு கூடுதலா’ என்பார். கீழே கம்பத்தில் அதையே ‘கொஞ்சம் அதிகமா போகுது’ என்பார்கள். ரெஃபரல் சீட்டில் இரண்டும் சேர்ந்து ‘மாடரேட் பிளீடிங்’ என்றாகி, தாயோடு ஆம்புலன்ஸ் ஏறும். அந்த மாடரேட் 300 மில்லியா, 900 மில்லியா? க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி வாசலில் காத்திருக்கும் டாக்டருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். எத்தனை யூனிட் ரத்தம் எடுத்து வைப்பது, தியேட்டரைத் திறக்கச் சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. மலையேறி இறங்குவதற்குள் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிற எல்லைப்புற ஆஸ்பத்திரிகளுக்கு ரத்த அளவு டிரேப் கட்டாயம் வேண்டும் என்பது எங்கள் முடிவு. ஆனால் அதை வாங்கி அலமாரியில் வைத்தால் பயன் இல்லை. தப்பாகப் போட்டால் பொய்க் கணக்குதான் காட்டும்.

பொருள் எளிமையானது. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று. அதன் ஒரு முனை புனல்போலக் குறுகி, தொங்கும் பையாக முடியும். பையின் மேல் மில்லிக் கோடுகள் அச்சிட்டிருக்கும். இடுப்பில் சுற்றிக் கட்ட இரண்டு நாடா. கிருமி நீக்கிய பொட்டலத்தில் வரும், ஒருமுறைதான் பயன்படும். இது எங்கோ வெளிநாட்டில் பிறந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். கர்நாடகத்தின் பெலகாவியில் உருவாகி, அங்கே நடந்த பிரசவ ஆய்வுகளில் பயன்பட்டது. 2006-இல் வெளியான ஆய்வில் கண்ணால் மதிப்பிட்ட அளவையும் இந்தப் பை காட்டிய அளவையும் ஒப்பிட்டார்கள். பழகிய கண்களே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் சொல்லியிருந்தன. துணியில் ஊறியது, தரையில் வழிந்தது, முதுகுக்கு அடியில் தேங்கியது எல்லாம் கண்ணுக்குத் தப்பிவிடும். கூடவே ‘கெட்ட ரத்தம் போகட்டும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் உண்டு. போகிற ரத்தம் எல்லாம் நல்ல ரத்தம்தான்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் செய்து 2023-இல் வெளியான ‘இ-மோட்டிவ்’ ஆய்வுதான் இந்தப் பைக்குப் பெரிய மரியாதையைத் தேடித் தந்தது. டிரேப்பும் ஒரே நேரத்தில் தொடங்கும் சிகிச்சைத் தொகுப்பும் சேர்ந்த இடங்களில், ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அறுவைச் சிகிச்சை வரை போவது, அதனால் இறப்பது ஆகியவை சேர்ந்த கணக்கு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதத்துக்கு இறங்கியது. உதிரப்போக்கைக் கண்டுபிடித்தது 51 சதவீதத்திலிருந்து 93 சதவீதமாக ஏறியது. இதில் கவனிக்க வேண்டியது, பை மட்டும் தனியாக இதைச் சாதிக்கவில்லை என்பது. கோடு தொட்டதும் கை நகர்ந்தது, அதுதான் பலன் தந்தது.

இனி போடும் முறை. தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. குழந்தை பிறப்பதற்கு முன்பே விரித்துவிட்டால் பனிக்குட நீர் முழுவதும் பைக்குள் இறங்கும். பிறகு 700 என்று காட்டினால் அதில் ரத்தம் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று யார் பிரிப்பது? குழந்தை வெளியே வந்து, மிச்ச நீர் வடிந்த பிறகுதான் இடுப்பைச் சற்றுத் தூக்கி, விரிப்பை அடியில் நழுவவிட வேண்டும். நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். அவசரத்தில் முன்பே போட்டுவிட்டால், குழந்தை பிறந்த உடனே பையில் நிற்கும் அளவைக் குறித்துக்கொண்டு பின்னால் கழிக்கலாம். அப்படிக் குறிக்காமல் விட்டால் அந்தப் பையை நம்ப வேண்டாம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் முதலில் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் சிறுநீர் பைக்குள் விழும். அதைவிட முக்கியம், நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாது.

அடுத்தது கட்டில். கால்பகுதியைக் கழற்றக்கூடிய லேபர் டேபிளில் பை தாராளமாகக் கீழே தொங்கும். சாதாரண இரும்புக் கட்டிலில் பை மெத்தைமேல் படுத்துக் கிடக்கும். புனல் வாய் மடங்கி, ரத்தம் இடுப்புக்கு அடியிலேயே குளம் கட்டும். பையில் 150, முதுகுப் பக்கம் 400 என்ற நிலைமை சர்வ சாதாரணம். ஆகவே தாயைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்துங்கள், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். விரிப்பில் தேங்கியதைக் கையால் பைக்குள் வழித்துவிட்ட பிறகே அளவு படிக்க வேண்டும். படிக்கும்போது குனிந்து, கோடு கண்ணுக்கு நேராக வரும்படி. நின்றபடி மேலிருந்து பார்த்தால் கணக்குத் தப்பும். கட்டியாக விழுந்ததும் ரத்தம்தான், அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

பேடு, துணி, மாப் (ரத்தம் ஒற்றி எடுக்கும் துணி) இவற்றில் ஊறியது தனிக் கணக்கு. ஒரு கிராம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லி ரத்தம். ஈர எடையில் உலர் எடையைக் கழித்தால் போதும். இதற்குக் குழந்தை எடை பார்க்கும் தராசு உதவாது. ஒரு கிராம் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்து, பயன்படுத்தும் பேடின் உலர் எடையைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று: 300, 500 கோடுகள் தனித்துத் தெரிகின்றனவா, அச்சு நிற்குமா, அளவு சரியா. மலிவுச் சரக்கில் ஸ்பிரிட் பட்டதும் கோடு அழியும். ஒவ்வொரு லாட் வரும்போதும் ஒரு பையைப் பலி கொடுத்துச் சோதித்துவிடுங்கள். 500 மில்லி சலைன் பாட்டில் ஒன்றை முழுக்க ஊற்றி, தொங்கவிட்டுப் பாருங்கள். 500 கோட்டை ஒட்டி நின்றால் எடுத்துக்கொள்ளலாம். 400-இல் நின்றாலோ 600-ஐத் தாண்டினாலோ லாட்டையே திருப்பி அனுப்புங்கள். பை நெடுக்கே விரிந்துகொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கில் இந்தக் கோளாறு வரும். கழுவித் திரும்பப் பயன்படுத்தும் எண்ணமே வேண்டாம்.

எப்போது கை நகர வேண்டும்? சுகப்பிரசவத்தில் 500 மில்லி என்றால் பிபிஎச், அதாவது பிரசவத்துக்குப் பிந்தைய அதிக உதிரப்போக்கு, என்பது பழைய பாடம். 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் முன்னால் வருகிறது. 300 தொட்டு, பல்ஸ், பிபி இவற்றில் ஏதேனும் ஒன்று தடுமாறினாலும் சிகிச்சையைத் தொடங்கு, 500 தொட்டால் வேறெதற்கும் காத்திருக்காதே என்கிறது. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து வரும் பெண்களுக்கு இந்த 300 கோடுதான் உயிர்க்கோடு. 45 கிலோ உடம்பு, ஹீமோகுளோபின் 8 என்று இருப்பவர் 500 வரை தாங்குவார் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. பல்ஸை மேல் பிபியால் வகுத்துப் பாருங்கள். 110 பல்ஸ், 100 பிபி என்றால் விடை ஒன்றைத் தாண்டுகிறது. பை என்ன காட்டினாலும் அது ஆபத்து.

கோடு தொட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும், ஒன்று பலிக்கவில்லை என்றால் அடுத்தது என்று வரிசை கட்டக் கூடாது. வயிற்றின் மேல் கை வைத்து, கர்ப்பப்பை கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாகும் வரை மசாஜ். கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட்டைச் சலைனில் கலந்து 10 நிமிடத்தில், அதன் பின் 20 யூனிட்டை ஒரு லிட்டரில் கலந்து 4 மணி நேரத்துக்கு. உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், நம் ஊரில் கிடைக்கும் 500 மில்லிகிராம் ஆம்பூல் என்றால் இரண்டு. அதையும் 10 நிமிடம் மெதுவாகப் போட வேண்டும், வேகமாகத் தள்ளினால் பிபி விழும். பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் இது ஏற வேண்டும். 15 நிமிடத் தாமதம் ஒவ்வொன்றும் பலனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பிபி அதிகம் உள்ளவருக்கு, கர்ப்பப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான மெதர்ஜின் போடக் கூடாது. இதற்கிடையில் நஞ்சு முழுசாக வந்ததா, கிழிசல் எங்கே என்று வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும். கர்ப்பப்பை கெட்டியாக இருந்தும் சிவப்பாகச் சீறி வந்தால் கிழிசலைத் தேடுங்கள். ஆக்ஸிடோசினைப் பற்றி ஒரு வார்த்தை. 2 முதல் 8 டிகிரியில் வைக்காத மருந்து வீரியம் இழந்திருக்கும். கரண்ட் அடிக்கடி போகும் மலையோர ஆஸ்பத்திரியில் ஃபிரிட்ஜின் வெப்பப் பதிவேட்டையும் டிரேப்போடு சேர்த்தே கேளுங்கள்.

டிரேப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது வெளியே வந்ததை மட்டும் அளக்கும். கர்ப்பப்பைக்குள் கட்டியாகத் தேங்கியது, பிறப்புவழிச் சுவருக்குள் ரத்தக்கட்டாக வீங்கியது, வயிற்றுக்குள் கசிவது எதுவும் அதற்குத் தெரியாது. பை 200 காட்டி, பல்ஸ் 130 ஓடினால் பல்ஸை நம்புங்கள். சிசேரியனுக்கு இது ஆகாது, அங்கே சக்ஷன் பாட்டிலும் மாப் எடையும்தான். பருமனானவருக்கு நாடா எட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சீக்கிரம் அவிழ்த்துவிடுவது பெரிய குறை. பிரசவத்துக்குப் பிந்தைய வார்டுக்கு மாற்றும் அவசரத்தில் 20 நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் இருக்கட்டும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பல்ஸ், பிபி, கர்ப்பப்பை, பை நான்கையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

பூட்டிய ஸ்டோர் அலமாரியில் இருக்கும் டிரேப், இரவு 2 மணிக்கு இல்லாத டிரேப்தான். சாவி பகல் டியூட்டிக்காரரிடம் இருக்கும். டெலிவரி டிரேயில் கிளவுஸ், கார்டு கிளாம்ப் பக்கத்தில் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அதோடு பிபிஎச் பெட்டியும்: ஆக்ஸிடோசின் எங்கே என்ற குறிப்பு, டிரானெக்ஸாமிக் ஆம்பூல், 16 அல்லது 18 கேஜ் கேனுலா இரண்டு, ஃபோலி கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்), ஆணுறை, நூல். கதீட்டரில் ஆணுறையைக் கட்டி, சலைன் நிரப்பிக் கர்ப்பப்பைக்குள் அழுத்தும் முறை வங்கதேச டாக்டர் சயீபா அக்தர் 2003-இல் வெளியிட்டது. கேரளப் பக்கம் டாக்டர் வி.பி. பைலி உருவாக்கிய, பிறப்புவழியாகக் கர்ப்பப்பைத் தமனியைப் பிடிக்கும் கிளாம்பும் உண்டு. தாயை அனுப்பும் வழியில் ரத்தத்தைக் கட்டுப்படுத்த அது உதவும், பழகிய கைக்கு மட்டும்.

பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கமிருந்து போடிமெட்டு இறங்கினால் 17 கொண்டை ஊசி வளைவு. ஓடும் வண்டியில் பை ஆடும், கோட்டைப் படிக்க முடியாது. அதனால் கிளம்பும் முன்பே கடைசி அளவைச் சீட்டில் எழுதிவிடுங்கள். ‘பிரசவம் 2.10. நஞ்சு 2.18. டிரேப் 2.40-க்கு 650, பேடு 120. டிரானெக்ஸாமிக் 2.45. பல்ஸ் 118, பிபி 96/60’ என்று இருந்தால் மலையாளத்தில் படிப்பவருக்கும் தமிழில் படிப்பவருக்கும் ஒரே பொருள். பிறகு டிரேப்பை அவிழ்த்துவிட்டு எடை பார்த்த புதுப் பேடு வையுங்கள். அதன் உலர் எடையைச் சீட்டின் ஓரத்தில் குறித்தால், வழியில் போன ரத்தத்தையும் கீழே இருப்பவர்கள் தராசில் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.